சட்டத்துக்கு முன்னால் வாழ்ந்தவர்கள்

1967ல் இரண்டு ஊர்களில் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று ஜூலை மாதம் லண்டனில். 21 வயது நிரம்பிய இரண்டு ஆண்கள், சம்மதத்தோடு, தனியிடத்தில் உறவுகொள்வது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இனி குற்றமில்லை என்றது அது. இன்னொன்று சென்னையில். அண்ணாதுரை முதலமைச்சரான சில மாதங்களிலேயே கொண்டுவரப்பட்ட இந்துத் திருமணச் சட்டத் திருத்தம், 7ஏ பிரிவு. புரோகிதரும் அக்கினியும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லும் என்றது இது.

இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. லண்டனில் வாக்களித்தவர்களுக்கு சுயமரியாதைத் திருமணம் என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. ஆனால் தன்பாலினத் தம்பதிகளின் சட்ட அங்கீகாரத்துக்காக இந்தியாவில் நடக்கும் இழுபறியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், எனக்கு லண்டனைவிடச் சென்னைச் சட்டம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. இது வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான கோரிக்கை, நம் சமூகத்துக்கு இதில் முன்னனுபவமே இல்லை என்று இரண்டு தரப்பும் சொல்கிறது. எதிர்ப்பவர்கள் கோபமாக, ஆதரிப்பவர்கள் கொஞ்சம் சோர்வாக. முன்னனுபவம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சுக்கிலநத்தம் அருப்புக்கோட்டைப் பக்கம் இருக்கும் ஒரு கிராமம். 1928ல் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் அங்கேதான் நடந்தது என்பார்கள். அய்யர் கிடையாது, மந்திரம் கிடையாது. மேடை, பேச்சு, மாலை, ஒப்பந்த உறுதிமொழி, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊர் ஊராக நடந்தது. சாதி மாறிய கல்யாணங்கள், கைம்பெண் மறுமணங்கள் எல்லாம் இந்த முறையில் நடந்தன. குடிஅரசு இதழில் செய்தி வரும். ஊருக்குத் தெரியும், உறவுக்குத் தெரியும்.

கோர்ட்டுக்கு மட்டும் தெரியாது. அன்றைய இந்துச் சட்டத்தின்படி ஒரு கல்யாணம் செல்லவேண்டுமானால் சாஸ்திரச் சடங்கு இருக்கவேண்டும், இல்லையென்றால் நெடுங்கால வழக்கம் இருக்கவேண்டும். நேற்று ஆரம்பித்தது வழக்கமாகாது. 1953ல் தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் என்ற வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது. ஒரு கூட்டம் தனக்குத்தானே புதிதாகக் கல்யாண முறை வகுத்துக்கொண்டு அதைச் சட்டம் ஏற்கவேண்டும் என்று கேட்க முடியாது.

இப்படி ஒரு வழக்கு எப்போது வருகிறது என்று கவனியுங்கள். சேர்ந்து வாழும்போது யாரும் வந்து கேட்பதில்லை. சொத்து என்று வரும்போது கேட்கிறார்கள். இதுவும் சொத்து வழக்குதான். தீர்ப்பு வந்த நாளில், 25 வருடங்களாக ஊரறிய மனைவியாக இருந்த பெண்கள் சட்டத்தின் கணக்கில் மனைவியாக இல்லாமல் போனார்கள். பிள்ளைகளின் வாரிசுரிமை கேள்விக்குறியானது. அதற்காக அவர்கள் பிரிந்து போகவில்லை. தீர்ப்புக்குப் பிறகும் சுயமரியாதைத் திருமணங்கள் நடந்துகொண்டே இருந்தன. சட்டம் வர இன்னும் 14 வருடம் பிடித்தது.

7ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள், சின்னதுதான். உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் வாழ்க்கைத்துணையாக ஏற்பதாகத் தங்களுக்குப் புரிந்த மொழியில் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். இதில் எனக்குப் பிடித்தது அந்த 'அல்லது'. நிரல் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், 'மற்றும்' போடும் இடத்தில் 'அல்லது' போட்டால் மொத்த நிபந்தனையும் தலைகீழாகிவிடும். இங்கே அந்தச் சொல்தான் தாலியைக் கட்டாயத்திலிருந்து விருப்பத்துக்கு மாற்றியது. இதைவிட முக்கியமான இன்னொரு விஷயம், சட்டம் பின்னோக்கியும் பாயும். சட்டம் வருவதற்கு முன்னால் நடந்த கல்யாணங்களும், சில விதிவிலக்குகள் தவிர, நடந்த நாளிலிருந்தே செல்லும். 1928ல் மாலை மாற்றிக்கொண்டவர்கள் 1968 ஜனவரியில் 40 வருடத் தம்பதிகளாகவே சட்டத்துக்குள் நுழைந்தார்கள்.

'ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட் இருந்ததே, அதில் பதிந்திருக்கலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. 1954 முதல் இருந்தது உண்மை. அதில் 30 நாள் நோட்டீஸ் ஒட்டவேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து ஆட்சேபிக்கலாம். சாதி மாறிக் கல்யாணம் செய்கிறவர்களுக்கு அந்த நோட்டீஸ் போர்டு என்ன செய்யும் என்று நமக்கே தெரியும்.

இனி இன்னொரு பக்கத்துக்கு வருவோம். 377ஆம் பிரிவின் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டதால் வேகமாகக் கடக்கிறேன். மெக்காலே 1837ல் வரைவு எழுதினார். 1860ல் இந்திய தண்டனைச் சட்டம் நிறைவேறி 1862ல் நடைமுறைக்கு வந்தது. 'இயற்கை விதிக்கு மாறான' உறவுக்கு ஆயுள் தண்டனைவரை விதிக்கலாம். 2013ல் உச்சநீதிமன்றம் இந்தப் பிரிவைக் காப்பாற்றியபோது சொன்ன காரணங்களில் ஒன்று, 150 ஆண்டுகளில் 200க்கும் குறைவானவர்கள்தான் இதன்கீழ் வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள் என்பது. வழக்குப் பதியாமலேயே வேலை செய்த சட்டம் அது என்பதை அந்தக் கணக்கு தொடவில்லை. மிரட்டிப் பணம் பறிக்கப் பிரிவின் எண்ணே போதும். 2001ல் லக்னோவில் எய்ட்ஸ் தடுப்புப் பணி செய்துகொண்டிருந்தவர்களையே இந்தப் பிரிவில் பிடித்து ஒன்றரை மாதத்துக்கு மேல் சிறையில் வைத்தார்கள்.

பெண்கள் விஷயத்தில் 377 பெரும்பாலும் தேவைப்படவே இல்லை. 1987 டிசம்பரில் போபால் பக்கம் லீலா, ஊர்மிளா என்று இரண்டு பெண் கான்ஸ்டபிள்கள், மத்தியப் பிரதேச சிறப்பு ஆயுதப்படையைச் சேர்ந்தவர்கள், மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். காந்தர்வ விவாகம் என்றார்கள். படம் வெளியே வந்தது, பத்திரிகைகள் பற்றிக்கொண்டன. படை அவர்களை வேலையைவிட்டு நீக்கியது. சொல்லப்பட்ட காரணம், அனுமதியில்லாமல் பணிக்கு வராமல் இருந்தது. 377 எங்கேயும் வரவில்லை. கல்யாணம் செல்லாது என்றும் யாரும் மெனக்கெட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை. வருகைப் பதிவேடு போதுமானதாக இருந்தது.

2023ல் ஒன்றிய அரசு உச்சநீதிமன்றத்தில், தன்பாலினத் திருமணக் கோரிக்கை நகரத்து மேட்டுக்குடிப் பார்வை என்று எழுதிக் கொடுத்ததே, அதைப் படித்தபோது எனக்கு இந்த இரண்டு கான்ஸ்டபிள்கள்தான் கண்ணில் வந்தார்கள்.

அதே காலத்தில் குஜராத்தில் 'மைத்ரி கரார்' என்று ஒன்று புழக்கத்தில் இருந்தது. நட்பு ஒப்பந்தம். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது. பெரும்பாலும் இது ஏற்கெனவே கல்யாணமான ஆண்கள், இன்னொரு பெண்ணோடு வாழ்வதற்கும் இருதார மணச் சட்டத்தில் மாட்டாமல் இருப்பதற்கும் கண்டுபிடித்த குறுக்குவழி. பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்தன, நியாயமாகவே. ஆனால் அந்தக் குறுக்குவழிக்குள் இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ ஒப்பந்தம் எழுதிக்கொண்டதும் நடந்திருக்கிறது. ஆண்கள் தப்பிக்க வெட்டிய சந்தில் அவர்களும் நுழைந்து பார்த்தார்கள். சட்டத்தில் இடமில்லாதவர்கள் ஒரு தாளையாவது உண்டாக்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள். உறுதிமொழி, மாலை, படம், முத்திரைத்தாள், எதுவானாலும் சரி. சுக்கிலநத்தத்தில் நடந்ததும் இதன் ஒரு வகைதான்.

நீதிமன்றப் பாதை இதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கிறது. நாஸ் பவுண்டேஷன் 2001ல் டெல்லி உயர்நீதிமன்றம் போனது. 2009 ஜூலை 2ல் நீதிபதிகள் ஏ.பி. ஷா, எஸ். முரளிதர் அமர்வு, வயதுவந்தோர் சம்மத உறவை 377இலிருந்து விடுவித்தது. 2013 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை ரத்துசெய்தது. நான்கரை வருடம் குற்றமற்றவர்களாக இருந்தவர்கள் ஒரே காலையில் மீண்டும் குற்றவாளிகளானார்கள். எழுத்தாளர் விக்ரம் சேத்தின் அம்மா லீலா சேத், ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி, தன் மகனைக் குற்றவாளியாக்கிய தீர்ப்பைப் பற்றித் தாயாகவும் நீதிபதியாகவும் பத்திரிகையில் எழுதினார். 2018 செப்டம்பர் 6ல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக 377இன் அந்தப் பகுதியை நீக்கினார்கள். ஊரெங்கும் வானவில் கொடி, நிறுவனங்களின் லோகோவெல்லாம் ஏழு நிறம்.

சரி, அப்புறம்? குற்றமில்லை என்பதற்கும் உறவு என்பதற்கும் நடுவில் ஒரு பெரிய பொட்டல் கிடந்தது. அந்தப் பொட்டலில் தமிழ்நாட்டில் முதலில் வந்து நின்றது போலீஸ் ஜீப்.

மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்கு வந்துவிட்டார்கள். இருவருமே வயதுவந்தவர்கள், ஒருவரையொருவர் விரும்புகிறவர்கள். இரண்டு வீட்டிலும் 'மகளைக் காணவில்லை' என்று புகார் கொடுத்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடுவது போலீஸின் கடமை. 377 செத்துப்போனதால் இந்தக் கடமையில் ஒரு குறையும் வரவில்லை. விசாரணை என்ற பெயரில் வந்த நெருக்கடியைத் தாங்காமல் அவர்கள் உயர்நீதிமன்றம் போனார்கள். 2021ல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் வந்தது வழக்கு.

அவர் செய்தது நம் நீதிமன்ற வரலாற்றில் அபூர்வம். தனக்கு இந்த விஷயம் முழுதாகப் புரியவில்லை என்று உத்தரவிலேயே எழுதி, ஒரு உளவியலாளரிடம் தனக்கே பாடம் கேட்க நேரம் வாங்கிக்கொண்டார். கேட்டுவிட்டு வந்து 2021 ஜூன் 7ல் உத்தரவு போட்டார். காணவில்லை புகாரில் தேடப்படுகிறவர்கள் வயதுவந்த, சம்மதத்தோடு சேர்ந்த தன்பாலினத் துணைகள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யக்கூடாது. 'குணப்படுத்துகிறேன்' என்று கிளம்பும் மருத்துவர்களைத் தடுக்கவேண்டும். பள்ளிகளுக்கும் போலீஸாருக்கும் நீதிபதிகளுக்கும் பயிற்சி தரவேண்டும். நீளமான பட்டியல்தான், ஆனால் காகிதத்தோடு நிற்கவில்லை. 2022ல் காவலர் நடத்தை விதிகளில் இவர்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் விதியைத் தமிழ்நாடு அரசு சேர்த்தது. மாற்றுச் சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. அதே வருடம் ஆகஸ்டில் தமிழ்ச் சொற்களின் பட்டியல் ஒன்று அரசிதழில் வந்தது. பத்திரிகைகள் இவர்களைக் கேவலமில்லாமல் எழுதுவதற்கான சொற்கள். சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முதல் தகவல் அறிக்கை எழுதும் ஏட்டுக்கு 'அந்த மாதிரி' என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லாத காலம் ரொம்ப தூரத்தில் இல்லை.

இதே உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019ல் இன்னொரு கதவைத் திறந்திருந்தது. தூத்துக்குடியில் ஒரு ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டார்கள், பதிவாளர் பதிய மறுத்தார். இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். 2023ல் உச்சநீதிமன்றமும் இந்த நிலையை ஏற்றுக்கொண்டது. ஆணும் பெண்ணும் என்ற சட்டகம் உடையாதவரை, யார் ஆண் யார் பெண் என்பதில் சட்டம் கொஞ்சம் நெகிழும்.

இப்போது என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்த இடத்துக்கு வருகிறேன். 2023 ஆகஸ்ட் 28. உச்சநீதிமன்றத்தில் இளவரசன் என்பவரின் வழக்கு. வக்கீல் அலுவலகத்தில் நடக்கும் ரகசிய சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது, கல்யாணம் என்றால் நாலு பேருக்குத் தெரிய நடக்கவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2014ல் சொல்லியிருந்தது. நீதிபதிகள் எஸ். ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு அதைத் தவறு என்றது. 7ஏ பிரிவுக்கு ஊர்கூடிய அறிவிப்பு தேவையில்லை. குடும்பத்தின் எதிர்ப்புக்கும் உயிர்ப்பயத்துக்கும் நடுவில் கல்யாணம் செய்கிறவர்களைப் பகிரங்கமாகச் செய்யச் சொல்வது அவர்களை ஆபத்தில் தள்ளுவது. அழகான தீர்ப்பு. 1967 சட்டத்தை எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிட ஒரு படி முன்னால் எடுத்துப் போனது.

ஏறக்குறைய ஏழு வாரம் கழித்து, அக்டோபர் 17. சுப்ரியோ வழக்கில் ஐந்து நீதிபதிகளின் தீர்ப்பு. திருமணம் அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து பேரும் ஒன்று. திருமணமில்லாத ஏதாவது ஒரு சட்டப் பிணைப்பையாவது அரசு தரவேண்டும் என்று தலைமை நீதிபதி சந்திரசூடும் நீதிபதி கவுலும் சொன்னார்கள். மற்ற மூவர் மறுத்தார்கள். சேர்ந்து வாழ உரிமை உண்டு, அதை அங்கீகரிக்கும் கடமை அரசுக்கு இல்லை, வேண்டுமென்றால் நாடாளுமன்றம் சட்டம் போடட்டும். அந்தப் பெரும்பான்மையின் முக்கியத் தீர்ப்பை எழுதியவர், அதே ரவீந்திர பட்.

இதை முரண் என்று சொல்லி அவரைக் குத்திக்காட்டுவது சுலபம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆகஸ்டில் அவர் கையில் ஒரு சட்டப்பிரிவு இருந்தது, அதை விரித்துப் படிக்க முடிந்தது. அக்டோபரில் விரிக்க எதுவும் இல்லை என்று அவர் நினைத்தார். ஆகஸ்டில் இருந்த அந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது? ஒரு இயக்கம் 40 வருடம் ஊர் ஊராகக் கல்யாணம் நடத்தி, அதிலிருந்து ஒரு கட்சி பிறந்து, அது தேர்தலில் ஜெயித்து ஆட்சிக்கு வந்ததால் வந்தது. 1953ல் கோர்ட் கைவிட்டதைச் சட்டமன்றம் எடுத்துக்கொடுத்தது. சுப்ரியோ தீர்ப்பும் அந்தப் பாதையைத்தான் காட்டுகிறது. ஆனால் மிகச்சிறு எண்ணிக்கை என்று நீதிமன்றத்தாலேயே 2013ல் சொல்லப்பட்டவர்கள் எந்தத் தொகுதியில் ஜெயிப்பார்கள்? சுயமரியாதைத் தம்பதிகளுக்கு மேடையும் மைக்கும் வாழ்த்துரை வழங்க ஆட்களும் இருந்தார்கள். இவர்களுக்கு எதிராக முதலில் கையெழுத்துப் போடுவதே பெற்றவர்கள்தான், போலீஸ் ஸ்டேஷனில். ஒப்பீடு இந்த இடத்தில் உடைகிறது, அதை ஒட்டவைக்க நான் முயலவில்லை.

சட்டம் இல்லாத இடத்தில் மறுபடியும் தாள் தேட ஆரம்பித்தார்கள். 2023 நவம்பரில், மதுரைப் பெண்களின் அதே வழக்கில், 'குடும்பப் பிணைப்புப் பத்திரம்' என்ற யோசனை வைக்கப்பட்டது. கல்யாணம் என்று சொல்லாமல், இருவர் தங்களுக்குள் ஒப்பந்தம் பதிந்துகொள்ளலாம், அதற்கு அரசு ஓர் அந்தஸ்து தரலாம். பரிசீலிக்கும்படி தமிழ்நாடு அரசுக்கு நீதிமன்றம் சொன்னது. மைத்ரி கராரின் பேத்தி என்று இதைச் சொல்லலாம், குணத்தில் பாட்டியைவிட நேர்மையான பேத்தி.

ஒன்றிய அரசும் 2024 ஆகஸ்டில் சில சுற்றறிக்கைகள் விட்டது. தன்பாலினத் துணைகள் கூட்டு வங்கிக் கணக்கு திறக்கலாம், ஒருவரையொருவர் நாமினியாகப் போடலாம். ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகக் கருதவேண்டும். உறவினர் யாரும் இல்லாவிட்டால் இறந்தவரின் உடலைத் துணை வாங்கிக்கொள்ளலாம். கடைசியில் உள்ளதை இன்னொரு முறை படியுங்கள். உறவினர் யாரும் இல்லாவிட்டால். உயிரோடு இருந்த 20 வருடமும் வந்து பார்க்காத அண்ணன் மார்ச்சுவரி வாசலில் வந்து நின்றுவிட்டால் அவர்தான் உறவு.

இந்த மாதிரிப் படிவங்களின் கணினி வடிவத்தை எழுதுவது என் பிழைப்பு. 'உறவுமுறை' என்ற கட்டத்தைச் சொடுக்கினால் தந்தை, தாய், கணவன், மனைவி, மகன், மகள் என்று பட்டியல் இறங்கும். அடியில் 'மற்றவை'. 'மற்றவை'யைத் தேர்ந்தெடுக்கலாம், கணினி வாங்கிக்கொள்ளும். பணம் வாங்கப் போகும்போதுதான் அதன் எடை தெரியும். வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில், விதி சொல்லும் குடும்பம் என்று ஒன்று உங்களுக்கு இருந்துவிட்டால், அதற்கு வெளியே உள்ளவரை நாமினியாகப் போடுவது செல்லாது. வங்கியில் நாமினி என்றால் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அது யாருக்குச் சொந்தம் என்பதை வாரிசுரிமைச் சட்டம் தீர்மானிக்கும். 1953ல் தெய்வானை ஆச்சி வழக்கு வந்து நின்ற அதே இடம்.

உலகம் இதற்குள் எங்கேயோ போய்விட்டது. டென்மார்க் 1989லேயே துணைப்பதிவு கொண்டுவந்தது, நெதர்லாந்து 2001ல் திருமணமே கொடுத்தது. நமக்குப் பக்கத்தில் நேபாளம் உச்சநீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவை வைத்துக்கொண்டு 2023ல் பதிவைத் தொடங்கியது. தாய்லாந்து 2025 ஜனவரியில். அதே மாதம் இங்கே சுப்ரியோ மறுசீராய்வு மனுக்கள் தள்ளுபடியாயின.

நான்கு மாதம் கழித்து, 2025 மே 22. சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு ஆட்கொணர்வு மனு. ஒரு பெண்ணை அவர் வீட்டாரே பிடித்து வைத்திருக்கிறார்கள், விடுவிக்கவேண்டும் என்று இன்னொரு பெண் கேட்கிறார். போலீஸ் உதவவில்லை. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு. சுவாமிநாதன், 'மணமகள்' தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி. பிடித்து வைக்கப்பட்ட பெண் நேரில் வந்து தான் யாரென்றும் யாரோடு போக விரும்புகிறேன் என்றும் சொன்னார். எல்லாப் பெற்றோரும் லீலா சேத் ஆகிவிட முடியாது என்று குறிப்பிட்டுவிட்டு, அந்தத் தாயின் வருத்தத்தையும் புரிந்துகொள்வதாகச் சொல்லிவிட்டு, நீதிபதிகள் அவரை விடுவித்தார்கள். சுப்ரியோ தீர்ப்பு திருமணத்தைத்தான் தரவில்லை, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியில்லை, தேர்ந்தெடுத்த குடும்பம் என்பதும் சட்டத்துக்குத் தெரிந்த விஷயம்தான் என்றார்கள். இருவருக்கும் தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்பு தரவும் உத்தரவானது.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது. மனுதாரர் தங்கள் உறவு என்ன என்பதை மனுவில் வெளிப்படையாக எழுதவில்லை. அந்தத் தயக்கம் தங்களுக்குப் புரிகிறது என்கிறார்கள் நீதிபதிகள். மனுவில் அவர் தன்னைப் பற்றி எழுதியிருந்தது, 'நெருங்கிய தோழி'.